யார் தந்த அதிகாரம்?

இப்பாடத்தைக் குழுவாக இருந்து படிப்பவர்கள், முதலில் மாற்கு நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தை 15ஆம் வசனம் தொடக்கம் முடிவு வரை ஒருவர் உரத்து வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொள்ளவும். புத்தகம் கைவசம் இல்லாத குடும்பங்களுக்காகக் கதையை எமது சொற்களில் இங்கு சுருக்கித் தருகின்றோம்.

பாஸ்காப் பெருவிழாவுக்கு இன்னும் சில நாட்களே உள்ளன. நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் எருசலேமுக்கு வந்து நிறைந்திருக்கின்றனர். இயேசு ஆலய முற்றத்தில் நடந்துகொண்டிருக்கிறார். அதே முற்றத்தில்தான் முதல்நாள் அவர் நாணயம் மாற்றுவோரின் மேசைகளையும் புறா விற்போரின் இருக்கைகளையும் கவிழ்த்துவிட்டிருந்தார். இப்போது தலைமைக் குருக்களும் மறைநூல் அறிஞரும் மூப்பரும் அவரிடம் வருகின்றனர். (பழைய மொழிபெயர்ப்பை வைத்திருப்போர் பிரதான ஆசாரியர், வேதபாரகர் என்ற சொற்களைக் காண்பர்.) அவர்கள் கேட்டவை இரண்டு. இவற்றைச் செய்ய அவருக்கு என்ன அதிகாரம் உண்டு? அந்த அதிகாரத்தை அவருக்குக் கொடுத்தவர் யார்?

இயேசு நேராகப் பதில் சொல்லவில்லை. தாமும் ஒன்று கேட்பதாகவும், அதற்குப் பதில் வந்தால் தாமும் சொல்வதாகவும் கூறுகிறார். யோவான் கொடுத்த திருமுழுக்கு விண்ணகத்திலிருந்து வந்ததா, மனிதரிடமிருந்து வந்ததா? வந்தவர்கள் தமக்குள் கூடிக் கதைக்கின்றனர். விண்ணகத்திலிருந்து என்றால், பின் ஏன் அவரை நம்பவில்லை என்று கேட்பார். மனிதரிடமிருந்து என்றால், யோவானை இறைவாக்கினராக மதிக்கும் மக்கள் சும்மா விடமாட்டார்கள். முடிவில் தமக்குத் தெரியாது என்கின்றனர். அப்படியானால் தாமும் சொல்வதற்கில்லை என்று இயேசு முடித்துவிடுகிறார்.

இப்பகுதியைப் பற்றிய பிரசங்கங்கள் பெரும்பாலும் இயேசுவின் சாமர்த்தியத்தைப் புகழ்வதோடு நின்றுவிடும். பொறியில் மாட்டவந்தவர்களை அவரே பொறியில் மாட்டிவிட்டார் என்பார்கள். அது உண்மைதான். ஆனால் இதைச் சொல்வெட்டு மட்டும் என்று எடுத்துக்கொண்டால் கதையின் பாதியை விட்டுவிடுவோம்.

கேள்வி பிழையானதா?

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பது பிழையல்ல. இறைவன் பெயரால் பேசுகிறேன் என்று வருபவனைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று இணைச்சட்ட நூலின் 18ஆம் அதிகாரமே மக்களுக்குச் சொல்கிறது. ஆலயத்துக்குப் பொறுப்பானவர்களுக்கு இன்னுமொரு கவலையும் இருந்தது. ஆலயத்தின் வடமேற்கு மூலையில் அந்தோனியா என்ற கோட்டை நின்றது. பெருவிழாக் காலங்களில் உரோமைப் படைவீரர் மேலிருந்து முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கலகம் ஒன்று கிளம்பினால் இரத்தம் சிந்துவது சாதாரண சனம்தான். உரோமையர் வந்து ஆலயத்தையும் இனத்தையும் அழித்துவிடுவார்கள் என்று தலைவர்கள் அஞ்சியதாக யோவான் நற்செய்தி 11ஆம் அதிகாரம் கூறுகிறது. அந்த அச்சம் வெறும் நடிப்பு என்று நாம் நினைக்கவில்லை. கி.பி. 70இல் அதுவே நடந்தது.

வீடு வாசல் விட்டு வந்திருக்கும் இடத்தில் ஒருவர் பதிவுப் புத்தகத்தோடு வந்து நின்றால், உம்மை யார் அனுப்பியது என்று கேட்பது புத்திசாலித்தனம். கேளாமல் பெயர் எழுதிக் கொடுத்து ஏமாந்தவர்கள் எத்தனையோ பேர். ஆகவே கேட்டதற்காக மட்டும் அந்தக் குருக்களைக் குறைசொல்ல முடியாது.

இங்கு அதிகாரம் என்று மொழிபெயர்க்கப்பட்டுள்ள கிரேக்கச் சொல் எக்சூசியா. உரிமை, அனுமதி என்ற பொருள் அதற்கு உண்டு. வல்லமைக்குக் கிரேக்கத்தில் வேறு சொல் இருக்கிறது. இயேசுவிடம் வல்லமை உண்டா என்று அவர்கள் கேட்கவில்லை. மேசை கவிழ்ந்து கிடந்ததைக் கண்ட பின் அதைக் கேட்க வேண்டியதும் இல்லை. அவர்கள் கேட்டது அனுமதியைப் பற்றி. எங்கள் பேச்சில் சொன்னால், துண்டு எங்கே, கையொப்பம் யாருடையது என்பதே கேள்வி.

கேட்டவர்களுக்கு யார் தந்தது?

இப்போது கேள்வியைத் திருப்பிப் பார்ப்போம். துண்டு கேட்டவர்களுக்குத் துண்டு கொடுத்தது யார்?

மோசேயின் சட்டப்படி தலைமைக் குரு ஆரோனின் வழித்தோன்றலாக இருக்க வேண்டும். சாகும்வரை அப்பதவியில் இருப்பதே பழைய வழக்கம். பெரிய ஏரோது மன்னன் அந்த வழக்கத்தைக் குலைத்தான். தனக்கு வேண்டியவரை நியமித்தான், வேண்டாதவரை நீக்கினான். கி.பி. 6இல் யூதேயா உரோமையரின் நேரடி ஆட்சிக்குள் வந்தபோது இந்த வேலை உரோமை அதிகாரிகளின் கைக்கு மாறியது. அந்த ஆண்டிலேயே சீரியாவின் ஆளுநர் குரேனியு அன்னாவைத் தலைமைக் குருவாக்கினார். கி.பி. 15இல் வலேரியுஸ் கிராத்துஸ் என்ற ஆளுநர் அவரை நீக்கினார். அடுத்த மூன்று ஆண்டுக்குள் மூவரை ஏற்றி இறக்கிய பின், கி.பி. 18 அளவில் கயபாவை நியமித்தார். கயபா அன்னாவின் மருமகன். அன்னாவின் ஆண்மக்கள் ஐவரும் வெவ்வேறு காலங்களில் அதே பதவியில் இருந்திருக்கின்றனர். கயபா மட்டும் சுமார் 18 ஆண்டுகள் நிலைத்து நின்றார். மூன்று ஆண்டில் மூவர் போன இடத்தில் ஒருவர் 18 ஆண்டு நின்றார் என்றால், நியமித்தவர்களோடு அவர் எவ்வளவு கவனமாக நடந்திருப்பார் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இன்னுமொரு செய்தி உண்டு. முதலாம் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் அதை எழுதிவைத்திருக்கிறார். பெருவிழாக்களில் தலைமைக் குரு அணியும் திருவுடை அக்காலத்தில் ஆலயத்தில் இருக்கவில்லை. உரோமையர் அதை அந்தோனியா கோட்டைக்குள் பூட்டி வைத்திருந்தனர். விழாவுக்கு ஏழு நாட்களுக்கு முன் வெளியே கொடுப்பார்கள். குருக்கள் அதைத் தூய்மைச் சடங்கு செய்து பயன்படுத்திவிட்டு, விழா முடிந்த மறுநாள் திரும்ப ஒப்படைக்க வேண்டும். கி.பி. 36 அளவில்தான் வித்தேலியுஸ் என்ற சீரிய ஆளுநர் அதைக் குருக்களிடமே விட்டார். கயபாவைப் பதவியிலிருந்து நீக்கியவரும் அவரே.

இயேசுவிடம் கேள்வி கேட்கப்பட்ட வாரம் பாஸ்கா வாரம். அந்த உடை கோட்டையிலிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகியிராது. இறைவனுக்கு முன் நிற்பதற்கு உடுக்கும் உடையைப் பிறதேசத்துப் படைத்தலைவனிடம் இரவல் வாங்கியவர்கள், கலிலேயத் தச்சர் ஒருவரிடம் யார் தந்த அதிகாரம் என்று கேட்கின்றனர். அவர்களுடைய அதிகாரம் விண்ணகத்திலிருந்து வந்ததா மனிதரிடமிருந்து வந்ததா என்று யாரும் அன்று கேட்டதாகத் தெரியவில்லை. கேட்கத் துணியும் இடத்தில் யாரும் இருக்கவுமில்லை.

புறாவின் விலை

கவிழ்க்கப்பட்ட இருக்கைகள் புறா விற்றவர்களுடையவை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்கு லேவியர் சட்டம் இரண்டு புறாக்களை அனுமதித்தது. அதற்கும் இயலாதவன் பாவம் போக்கும் பலியாகக் கொஞ்சம் மாவைக் கொண்டுவரலாம். மரியாவும் யோசேப்பும் குழந்தையோடு ஆலயத்துக்கு வந்தபோது ஏழைகளின் காணிக்கையையே கொடுத்ததாக லூக்கா குறிப்பிடுகிறார். ஆக, புறாவின் விலை ஏறினால் முதலில் அடிபடுவது ஏழைத் தாய்மார்.

கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூத நூலில் இதைப்பற்றி ஒரு சம்பவம் பதிவாகியுள்ளது. ஒரு காலத்தில் எருசலேமில் ஒரு சோடிப் பறவையின் விலை ஒரு பொன் தெனாரியம் அளவுக்கு ஏறிவிட்டது. ஒரு பொன் தெனாரியத்துக்கு 25 வெள்ளித் தெனாரியம். ஒரு வெள்ளித் தெனாரியம் ஒரு கூலியாளின் நாட்சம்பளம். அப்போது கமாலியேலின் மகன் சிமியோன் என்ற மறைநூல் அறிஞர், விலை இறங்கும்வரை தான் உறங்குவதில்லை என்று சபதம் செய்தார். சங்கத்துக்குள் போய், ஐந்து பலி செலுத்தவேண்டிய கடன் உள்ள பெண் ஒரு பலியோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னார். வாங்குவோர் குறைய, அன்றே விலை கால் தெனாரியமாக விழுந்ததாம். மேசையைக் கவிழ்க்காமலே சந்தையைக் கவிழ்த்த மனிதர் அவர். கூட்டுறவுச் சங்கம் நடத்துபவர்கள் இதை ஒருமுறை இருந்து யோசிக்கலாம்.

இதை நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. மறைநூல் அறிஞர் எல்லாரும் கெட்டவர், யூத சமயமே பேராசை பிடித்தது என்ற எண்ணம் கிறிஸ்தவ மேடைகளிலிருந்து பரப்பப்பட்டு, பல நூற்றாண்டுகளாக யூத மக்களுக்குப் பெருந்துன்பம் விளைவித்தது. மாற்கு நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்திலேயே ஒரு மறைநூல் அறிஞர் வருகிறார். அவர் இறையாட்சிக்குத் தொலைவில் இல்லை என்று இயேசு பாராட்டுகிறார். கேள்வி கேட்க வந்தவர்கள் ஒரு சமயத்தின் பிரதிநிதிகள் என்பதைவிட, ஓர் ஆளும் கூட்டத்தின் பிரதிநிதிகள் என்பதே சரி.

அந்தக் கூட்டம் அடுத்த தலைமுறையில் எங்கே போய் நின்றது என்பதையும் ஜொசிபஸ் சொல்கிறார். சுமார் 30 ஆண்டுகளுக்குப் பின், தலைமைக் குருக்களின் வேலையாட்கள் சூடடிக்கும் களங்களுக்கே போய், சாதாரண குருக்களுக்குச் சேரவேண்டிய பத்திலொரு பங்கைப் பலவந்தமாக அள்ளிச் சென்றனர். ஏழைக் குருக்கள் சிலர் பட்டினியால் இறந்தனர். களத்து மேட்டில் நெல்லைக் குவித்துவிட்டு, பங்கு கேட்டு வருபவனை எதிர்பார்த்து நின்ற எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. கி.பி. 66இல் கிளர்ச்சி வெடித்தபோது, கிளர்ச்சிக்காரர் தலைமைக் குரு ஒருவரின் வீட்டையும், கடன் பத்திரங்கள் வைக்கப்பட்டிருந்த பதிவகத்தையும் எரித்தனர்.

ஆற்றங்கரையில் நின்றவர்

இயேசு ஏன் யோவானைப் பற்றிக் கேட்டார்? பேச்சை வேறு பக்கம் திருப்பவா? அப்படியல்ல என்றே நாம் கருதுகின்றோம். யோவான் குரு குடும்பத்தில் பிறந்தவர். தந்தை செக்கரியா ஆலயத்தில் தூபம் காட்டியவர். பிறப்பு உரிமைப்படி யோவானும் ஆலயத்தில் பணிசெய்திருக்கலாம். அவரோ பாலைவனத்துக்குப் போய் யோர்தான் ஆற்றங்கரையில் நின்றார். மனம் மாறி வந்தவர்களுக்குத் தண்ணீரில் திருமுழுக்குக் கொடுத்தார். அங்கே புறா வாங்கத் தேவையில்லை. காசு மாற்றத் தேவையில்லை. இரண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும், வரி தண்டுபவன் குறித்த அளவுக்கு மேல் தண்டக்கூடாது, படைவீரன் சனத்தை மிரட்டிப் பறிக்கக்கூடாது என்பதே அவர் கேட்ட காணிக்கை. யாரும் அவருக்கு நியமனக் கடிதம் கொடுக்கவில்லை. கலிலேயாவை ஆண்ட ஏரோது அந்திப்பா அவரைக் கொன்றான்.

இயேசு கேட்டதன் கருத்து இதுதான்: உங்கள் கையொப்பம் இல்லாமல் இறைவன் ஒருவரை அனுப்ப முடியுமா? முடியும் என்று ஒப்புக்கொண்டால் அவர்களுடைய முதற்கேள்விக்கே பதில் வந்துவிடும். முடியாது என்றால், யோவானை மட்டுமல்ல, ஆடு மேய்த்த ஆமோசையும் தள்ளிவிட வேண்டும்.

அவர்கள் கூடிக் கதைத்ததை மாற்கு நமக்குக் கேட்கவிடுகிறார். அந்தக் கதையில் ஒரு விடயம் முழுவதும் காணாமற் போயிருக்கிறது. யோவான் சொன்னது உண்மையா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இப்படிச் சொன்னால் என்ன வரும், அப்படிச் சொன்னால் என்ன வரும் என்ற கணக்கு மட்டுமே அங்கு நடந்தது. அதன் முடிவாக வந்த தெரியாது என்ற சொல் அறியாமையால் வந்ததல்ல. கந்தோர்களில் கால்கடுக்க நின்றவர்கள் அந்தத் தெரியாதைக் கேட்டிருப்பார்கள். தெரிந்தால் பொறுப்பேற்க வேண்டும் என்பதற்காகச் சொல்லப்படும் தெரியாது அது.

சனத்துக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் ஆற்றங்கரைக்குப் போய் வந்தவர்கள். ஆனாலும் சனம் சொல்வதெல்லாம் சரி என்று நாம் எழுதமாட்டோம். அதே வாரம் பிலாத்துவின் முன்னால் ஒரு கூட்டம் தூண்டிவிடப்பட்டு வேறுவிதமாகக் கூச்சலிட்டது. தலை எண்ணிக்கையும் அதிகாரத்துக்குச் சான்றாகாது.

குத்தகைக்காரரின் கதை

இதைத் தொடர்ந்து இயேசு ஒரு கதை சொல்கிறார். குழுக்களில் இதை வாசிக்கும்போது கவனம் தேவை. ஒருவர் முந்திரிகைத் தோட்டம் வைத்து, வேலி அடைத்து, பழம் பிழியக் குழி வெட்டி, காவற்கோபுரமும் கட்டிக் குத்தகைக்கு விட்டுப் போகிறார். பலனில் பங்கு கேட்டு அனுப்பிய ஆட்களைக் குத்தகைக்காரர் அடித்தும் கொன்றும் விடுகின்றனர். கடைசியில் மகனையும் கொன்று, தோட்டம் இனித் தமக்கே என்கின்றனர்.

காணி இழந்து, பிறர் காணியில் கூலிக்கு நிற்கும் ஒருவருக்கு இக்கதை கசக்கலாம். தூரத்தில் இருக்கும் முதலாளி நல்லவர், மண்ணில் நின்று பாடுபடுபவன் கொலைகாரனா? அப்படிக் கேட்பவரை அடக்க வேண்டாம். பாலஸ்தீனத்திலும் வெளியூரில் இருந்து பங்கு வாங்கிய நிலவுடைமையாளர் இருந்தனர். கேட்டுக்கொண்டிருந்த கலிலேய விவசாயிகளுக்கும் முதலில் குத்தகைக்காரர் மேலேயே இரக்கம் பிறந்திருக்கக்கூடும். ஆனால் அந்தச் சனத்துக்கு எசாயா நூலின் 5ஆம் அதிகாரம் நினைவில் இருந்தது. அங்கே தோட்டம் என்பது இஸ்ராயேல் மக்கள். ஆகவே இங்கே தோட்டமாக இருப்பது சனம். குத்தகைக்காரராக இருப்பது சனத்துக்குப் பொறுப்பாக வைக்கப்பட்டவர்கள். லேவியர் நூலின்படி நட்ட மரத்தின் கனியை மூன்று ஆண்டு தொடக்கூடாது, நான்காம் ஆண்டுக் கனி ஆண்டவருக்கு, ஐந்தாம் ஆண்டிலிருந்தே உண்ணலாம். அவ்வளவு காலம் கையில் இருந்த தோட்டம் தன்னுடையது போலவே தோன்றிவிடும். கையில் இருப்பதால் உறுதியும் தம் பெயரில்தான் என்று நினைத்துவிட்டனர். யாழ்ப்பாணத்தில் முந்திரிகைப் பந்தல் போட்டவர்களுக்கு, கொடியைப் படர விட்டவனுக்கு அது எவ்வளவு சொந்தமாகிப் போகும் என்பது தெரியும்.

கதை தங்களைக் குறித்தது என்று தலைவர்கள் விளங்கிக்கொண்டதாக மாற்கு எழுதுகிறார். தோட்டம் அழிக்கப்படும் என்று கதை சொல்லவில்லை. பொறுப்பு மாறும் என்றே சொல்கிறது. இதை யூத மக்களுக்கு எதிரான தீர்ப்பாகத் திருச்சபை பல காலம் வாசித்தது தவறான வாசிப்பு. இன்று குருமனையிலும் பங்குச் சபையிலும் நிவாரணக் குழுவிலும் பெயர்ப்பட்டியல் வைத்திருப்பவர்கள், இச்சஞ்சிகையை நடத்தும் நாம் உட்பட, கதையில் எந்த இடத்தில் நிற்கின்றோம் என்று கேட்டு வாசிப்பதே பொருத்தம். குழுவில் இதை வெளிப்படையாகக் கதைக்கலாம். எங்கள் பெயரால் தீர்மானம் எடுப்பவர்கள் யார், அவர்களை வைத்தது யார், அவர்களால் பலன் கண்டது யார் என்று கேட்கும்போது, பொறுப்பாளர்கள் அந்த இடத்திலேயே இருந்து கேட்பது நல்லது.

அதே அதிகாரத்தின் முடிவில், நீண்ட அங்கியோடு நடந்து கைம்பெண்களின் வீடுகளை விழுங்குபவர்களை இயேசு சாடுகிறார். உடனே ஓர் ஏழைக் கைம்பெண் தன்னிடமிருந்த இரண்டு செப்புக் காசையும் காணிக்கைப் பெட்டியில் போடுகிறாள். அவளுடைய தாராளத்தைப் பற்றியே நாம் கேட்டிருக்கின்றோம். இரண்டு பகுதிகளையும் சேர்த்து ஒரே மூச்சில் வாசித்துப் பார்க்கவும்.

மீண்டும் அதே கேள்வி

ஏறக்குறைய அதே மனிதர்கள் அதே கேள்வியை இன்னொரு முறையும் கேட்டனர். இயேசு கொல்லப்பட்டு அதிக காலம் ஆகவில்லை. ஆலய வாயிலில் பிச்சை கேட்டிருந்த, பிறவியிலேயே கால் வழங்காத ஒருவரைப் பேதுருவும் யோவானும் கைபிடித்துத் தூக்கிவிட்டனர். திருத்தூதர் பணிகள் 4ஆம் அதிகாரத்தின்படி அன்னாவும் கயபாவும் குருக்குலத்தவர் பலரும் கூடியிருந்து, எந்த வல்லமையால், யாருடைய பெயரால் இதைச் செய்தீர்கள் என்று விசாரித்தனர். பேதுரு இம்முறை நேராகவே பதில் சொன்னார். படிப்பறிவில்லாத இருவர் இவ்வளவு துணிவாகப் பேசுவதைக் கண்டு சங்கத்தார் வியந்தனர். நியமனக் கடிதம் அவர்களிடமும் இல்லை. ஆனால் நாற்பது வயதுக்கு மேற்பட்ட அந்த மனிதர், நாட்கணக்காக எவரோ தூக்கிக்கொண்டுவந்து வாயிலில் இருத்திய அதே மனிதர், அவர்களுக்குப் பக்கத்தில் தன் காலில் நின்றுகொண்டிருந்தார். சங்கத்தாரால் மறுத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. மூவரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, என்ன செய்வது என்று மறுபடியும் தமக்குள் கூடிக் கதைக்கத் தொடங்கினர்.